தெருவிளக்குக்குத் தூக்கிய கைகள்

எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்த சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் வேலை பார்த்தாள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைக் கம்பெனிப் பேருந்து நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். எங்கள் தெருவுக்குள் திரும்ப அதற்கு இடமில்லை. அங்கிருந்து வீடு வரை ஒரு விளக்குகூடக் கிடையாது. ஒரு பக்கம் மனைக்கல் நட்டுக் கிடப்பில் போட்ட நிலம், மறுபக்கம் கருவேல முள். ஐப்பசி மழை தொடங்கியிருந்த நாளில் ஒரு பைக் அவளை வாசல் வரை பின்தொடர்ந்து வந்தது. ஊரில் அதைச் சொன்னதும் அவளுடைய அப்பா, நவம்பர் மாதம் முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார்.

“வேலைய விடதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? லைட்டப் போட வச்சாப் போதும்லாக்கா” என்றாள் என்னிடம். நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி நாள் கிராம சபை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே பேசுவது என்று இருவரும் தீர்மானித்தோம்.

பேசும் உரிமை அவளுக்கு உறுதியாக இருந்தது. முந்தைய ஆண்டே தன் வாக்கை எங்கள் வீட்டு முகவரிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளோடு மாடியறையில் தங்கி அதே ஆலைக்குப் போய்வந்த தோழியர் இருவரும் அப்போது அவளைக் கேலி செய்தது எனக்கு நினைவிருக்கிறது.

“ஏட்டி, ஓட்டுப் போட ஊருக்குப் போனா அம்மை கையால கறிச்சோறு கிடைக்கும். இங்க என்ன கிடைக்கும்?”

“வருசத்துல பத்து நாளுதான் அங்க இருக்கேன். மிச்ச நாளெல்லாம் மிதிக்கது இந்தச் சகதியத்தானே!”

நாட்டின் எப்பகுதியிலும் வாழவும் தொழில் செய்யவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது நம் அரசியலமைப்பு. அந்த உரிமை எங்கள் தெருமுனை இருட்டில் கால் வைக்கத் தயங்கி நின்றதை நான் மாடியிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

சபை நாளன்று அவர்கள் மூவருக்கும் இரண்டாம் ஷிப்ட். கூட்டம் முடிந்த கையோடு பேருந்தைப் பிடிக்க வேண்டுமென்பதால் சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகவே வந்தார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பகுதிக் கிராம சபைகளுக்கு அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர்கள், பள்ளிக்குப் பெஞ்சோ குடிநீர் இயந்திரமோ கொடுக்க வரும் கம்பெனி அதிகாரிகள் மட்டுமே. ஊராட்சிச் செயலர் இவர்களைக் கண்டதும் முன்வரிசையில் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். மூவர் கையிலும் பாதாம் பால் வந்தது. பின்னால் பெண்களோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த என்னை அவள் திகைத்துப் பார்த்தாள். குடி என்று நான் சைகை காட்டினேன்.

ஊராட்சித் தலைவரம்மா மலர்ந்த முகத்துடன் ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார். “நம்ம ஊருக்கு இன்னா செய்யப் போறீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம்.”

“செய்யதுக்கு வரல மேடம். கேக்கதுக்குத்தான் வந்திருக்கோம்” என்றாள் அவள்.

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. செயலர் அந்தப் பால் கோப்பைகளைப் பார்த்த பார்வையில், திரும்ப வாங்கிக்கொள்ள வழியுண்டா என்ற கேள்வி இருந்தது. அவள் தயங்காமல் இருட்டையும் பைக்கையும் அப்பா வைத்த கெடுவையும் சொல்லி முடித்தாள்.

வார்டு உறுப்பினர் எழுந்தார். “வாடகைக்கு கீற பொண்ணுங்களா நீங்க! நான் இன்னாவோ மிஷின் தரப் போறாங்கன்னு பார்த்தா... ஏம்மா, ஓட்டு உங்க ஊர்ல, லைட்டு மட்டும் எங்க ஊர்லயா?”

“என் ஓட்டு இங்கதான் சார் இருக்கு. அடுத்த தடவ உங்களுக்குப் போடவா வேண்டாமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அய்யய்யோ, நீ மொதல்ல உக்காரும்மா!” என்றார் அவர், தானும் சிரித்துக்கொண்டு. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஊராட்சி இந்த ஆண்டு வாங்கவிருக்கும் விளக்குகள் ஊர் முகப்பு வளைவுக்கு என்று ஏற்கெனவே பேசியாயிற்று என்றார்.

என் பக்கத்திலிருந்த இட்லிக்கடைக்காரப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. “வளைவாண்ட இப்பவே பகல் மாரிதானே கீது! எம் பொண்ணும் அதே பஸ்லதான் வர்றா. நான் டெய்லி டார்ச்ச எடுத்துகினு போய் நிக்கிறேன், அது உன் கண்ணுல படலியா? கைய தூக்குங்கடி எல்லாரும்!”

ஜமக்காளம் முழுவதும் கைகள் எழுந்தன. நானும் தூக்கினேன். ஆண்கள் பக்கத்திலிருந்தும், முதலில் தயங்கியும் பிறகு வேகமாகவும், கைகள் உயர்ந்தன. தோழியர் இருவரும் ஆர்வத்தில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்கள்.

“இங்க ஓட்டு இல்லாதவங்க எறக்கிடுங்கம்மா” என்றார் செயலர்.

“அடுத்த சபைக்குள்ள நாங்களும் மாத்திட்டு வந்துருவோம் சார்” என்று சொல்லி, மனமில்லாமல் இறக்கினார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. அன்று மாலையே அப்பா தொலைபேசியில் கேட்டாராம்: “லைட்டு எரியுதா?”

“தீர்மானம் போட்டாச்சுப்பா.”

“தீர்மானம் எரியுமாட்டி?”

அது எரிவதற்கு இன்னும் அலைய வேண்டியிருந்தது. ஷிப்டுக்குப் போகும் வழியில் அவளும், காலையில் இட்லிக்கடைப் பெண்மணியும் நானும் மாறிமாறி ஊராட்சி அலுவலகத்தில் தலைகாட்டினோம். எங்களைக் கண்டாலே செயலர், “மின்வாரியத்துக்குப் போன் போட்டுகினேதான் கீறேன்” என்று முந்திக்கொள்வார். மாதம் முடியுமுன் நெடுஞ்சாலை முனையிலும் தெரு நடுவிலும் கம்பங்களில் விளக்கெரிந்தது.

மகள் காட்டிய புகைப்படத்தை நம்பாமல் அப்பா நேரில் புறப்பட்டு வந்தார். அந்தி சாய்ந்ததும் நெடுஞ்சாலையிலிருந்து தெருவை நடந்தே அளந்தார். ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்த்தார். வேலையைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தெருவின் கடைசித் திருப்பத்தைக் கையால் சுட்டினார்.

“அந்தா, அந்த இடம் இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு. உங்க ஊர்ல அடுத்த சபை எப்பம்மா கூட்டுதாவ?”