‘ஏன் மச்சான்?’ பக்கத்தில் நான் எழுதிய ஒரே வரி

சென்ற மாதம் மருதமுனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். முதல் வாயிலேயே உப்புக் கரித்தது. வீட்டுக்காரி கதவோரம் நின்று, “ரெண்டு நாளாப் பைப்புல தண்ணி இல்ல. கிணத்துத் தண்ணியிலதான் ஊத்தின. குற நெனக்காதீங்க” என்றாள். நான் குறை நினைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கவனமாகத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பண்பான மனிதர் என்று நினைத்திருப்பாள். இந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீரைக் குறைசொல்ல உரிமையில்லாத ஒருவன் இருக்கிறான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இருபது வருடங்களுக்கு முன் கல்முனைப் பஸாரில் நான் வேலை பார்த்த ஓர் அச்சகம் இருந்தது. கலியாணக் கார்ட், பற்றுச்சீட்டுப் புத்தகம், பள்ளிவாசல் நோட்டீஸ் இவைதான் எங்கள் தொழில். அச்செழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவும் மணம் சட்டையில் ஏறினால் நான்கு தோய்ச்சலுக்கும் போகாது. இன்றைக்கும் யாராவது குப்பி விளக்கு ஏற்றினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளிச்சம் அல்ல, பிழை திருத்துவதற்காகக் கொடுக்கப்பட்ட ஈரமான தாள். பிழை திருத்துவது என் வேலை. அதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

அச்சக முதலாளியான ஹாஜியாருக்கு, தொழில் இல்லாத மாதங்களில் மெஷின் சும்மா கிடப்பது பிடிக்காது. அதனால் பிறந்தது எங்கள் பதினாறு பக்கப் பத்திரிகை. பெயரைச் சொன்னால் உங்களுக்கு நினைவிருக்காது. ஆனால் அதன் ஒன்பதாம் பக்கத்தைச் சொன்னால் பொத்துவில்வரை சிலருக்கு நினைவிருக்கலாம். ‘ஏன் மச்சான்?’ என்று அதற்குப் பெயர். வாசகர் கேள்வி கேட்பார், ‘மச்சான்’ என்று கையெழுத்திட்ட ஒருவர் பதில் எழுதுவார். கடற்காற்று பகலில் ஊருக்குள் வருவதும் விடியற்காலம் கரையிலிருந்து கடலுக்குப் போவதும் ஏன்? மழைக்கு முதல் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுகிறது? வெங்காயத்துக்கும் நம் கண்ணுக்கும் என்ன பகை? ஒரு முறை நிந்தவூரிலிருந்து ஒரு கிளார்க், அரசாங்க அலுவலகத்துக்குக் கந்தோர் என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டிருந்தார். மச்சான் எழுதிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம்: “அது ஒல்லாந்தருடைய சொல். ஒல்லாந்தர் கப்பலேறிப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது மச்சான். அவர்களுடைய கந்தோருக்குத்தான் நாம் இன்னும் லீவு எடுத்துக்கொண்டு போய்க் காத்துக் கிடக்கிறோம்.”

இப்படி எழுதத் தெரிந்தவன் நான் என்று தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் நம்பினார்கள். நான் உள்ளே நுழைந்தால் “வாங்க மச்சான்” என்பார்கள். நான் ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பழகிப் பார்த்திருக்கிறேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

உண்மையான மச்சான் றிஸ்மியா டீச்சர். பக்கத்துப் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தார். இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் அச்சக வாசலில் வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார், குடையை மடக்கவும் மாட்டார். கொப்பித் தாளில் நீல மையால் எழுதியதை, என்னை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டு நீட்டுவார்.

“எழுத்துப் பிழ இருந்தா திருத்துங்க காக்கா. விசயத்தில கை வெச்சிராதீங்க.”

முதல் இதழின்போது, உங்கள் பெயரையே போடுவோமே என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். “பொம்புள எழுதினா ஆரு வாசிக்கிற? மச்சான் எண்டே இரிக்கட்டும். எங்கட ஊட்டயும் தெரியா. நீங்க ஆருக்கும் சொல்லிராதீங்க.” அல்லாஹ்வின் மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்றேன். ஆணை கேட்டது அவர் இல்லை. நானாகச் செய்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்தது. சுனாமியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொருவரிடமும் அந்தக் காலை ஒன்று இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. டீச்சரின் உம்மா போய்விட்டார் என்பதை மட்டும் சொல்கிறேன். அச்சகம் பெரிய தெருவில் இருந்ததால் தப்பியது.

கடல் திரும்பிப் போனபின் கிணறுகள் எல்லாம் சேறும் உப்புமாகக் கிடந்தன. தண்ணீர் இறைக்கும் மெஷின்கள் லொறி லொறியாக வந்து இறங்கின. காலையிலிருந்து மாலைவரை ஊர் முழுக்க அந்தச் சத்தம்தான். அவ்வளவு மரணத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்க ஆறுதலாக இருந்தது. ஏதோ ஒன்று நடக்கிறது, யாரோ ஏதோ செய்கிறார்கள் என்று.

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த மறுநாள் டீச்சர் அச்சகத்துக்கு வந்தார். அன்றைக்குக் குடை இல்லை. இரண்டு தாள் தந்தார். இந்த முறை கேள்வி யாரிடமிருந்தும் வரவில்லை. அவரே கேள்வியையும் எழுதியிருந்தார்: ‘கிணற்றை எப்படிக் காப்பாற்றுவது மச்சான்?’

அவர் விளக்கியிருந்தது இதுதான். எங்கள் மணலுக்குக் கீழே இரண்டு தண்ணீர் இருக்கிறது. அடியில் கடலின் உப்புத் தண்ணீர், அதற்குமேல் மழை இறங்கித் தங்கிய நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே மிதக்கிறது. இறைச்சி ஆணத்தில், அதாவது குழம்பில், எண்ணெய் மேலே நிற்பதுபோல. கரண்டியால் மெல்ல எடுத்தால் எண்ணெய் மட்டும் வரும். அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கினால் ஆணம்தான் வரும். வாளியால் அள்ளும்வரை கிணறு பொறுத்துக்கொள்ளும். மெஷின் வைத்து நாள் முழுக்க உறிஞ்சினால் அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீர் மேலே ஏறி வரும். கட்டுரை இப்படி முடிந்தது: “ஒரே ஒரு தடவை, மெல்ல இறைத்துச் சேற்றை எடுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். ஓரிரண்டு மாரி பெய்யட்டும். மழை தன் வேலையைச் செய்யும். பொறுத்திருங்கள் மச்சான்.”

நான் அந்தத் தாளைப் பிழை திருத்தும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஹாஜியார் மாற்றச் சொன்னார் என்று எழுதினால் எனக்குச் சுகமாக இருக்கும். அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. வீடு போய், பிள்ளை போய் நிற்கும் சனத்துக்குப் பொறுத்திருங்கள் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குப் பட்டது. எல்லோரும் இறைக்கும்போது நாங்கள் மட்டும் இறைக்காதே என்றால் சிரிப்பார்கள் என்றும் பட்டது. தேத்தண்ணிக் கடைக்குப் போகவேண்டியவன் நானல்லவா? எண்ணெயையும் ஆணத்தையும் மெஷினையும் பற்றிய பந்தியை இடமில்லை என்று எடுத்தேன். கடைசி வரிகளையும் அடித்தேன். அதற்குப் பதிலாக நானே ஒரு வரி எழுதினேன்:

“உப்புப் போகும்வரை விடாமல் இறையுங்கள் மச்சான், கடலை நாம் வெல்வோம்!”

அந்தப் பக்கத்தில் என் கையால் எழுதிய வரி இது ஒன்றுதான். எத்தனையோ இதழில் அவர் எழுதியதை எல்லாம் வாசித்து ரசித்த சனம், சொல்லியபடி செய்தது இந்த ஒரு வரியைத்தான்.

ஆதம்பாவாக் காக்கா மீன் வியாபாரி. கடற்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்ளே அவருடைய வீட்டு வளவு. அலை அங்கே முழங்காலளவுக்குத்தான் வந்து போனது. கிணறு கலங்கியது, அவ்வளவுதான். தானாகத் தெளிந்துகொண்டும் இருந்தது. அவர் பத்திரிகையை வாசித்துவிட்டு, தன் ஒழுங்கையில் அக்கம்பக்கத்து வீட்டு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு மெஷின் பிடித்து, முறை வைத்து நாட்கணக்காக இறைத்திருக்கிறார். தண்ணீர் முதலில் கலங்கலாக வந்ததாம். பிறகு தெளிவாக வந்ததாம். எல்லோரும் சந்தோசப்பட்டு வாயில் வைத்துப் பார்த்தால் கடல். பிறகு ஒரு பக்கத்து மணல் சரிந்து கிணற்றுக் கட்டும் உள்ளே இறங்கிவிட்டது.

ஒரு போத்தலோடு அச்சகத்துக்கு வந்தார். பின்னால் ஒழுங்கையிலிருந்து நான்கைந்து பேர்.

“இந்தா, குடிச்சிப் பாருங்க” என்று போத்தலை என் மேசைமேல் வைத்தார். “அலைக்குத் தப்பின கிணறு. உங்கட பேச்சக் கேட்டுத்தான் போச்சு. எங்கட புள்ளயளுக்கு இனி எங்க தண்ணி?”

நான் முன்னால் கிடந்த தாளில் பிழை தேடினேன்.

“கதைங்களன். நீங்கதானே மச்சான்?”

எவ்வளவோ நாள் எனக்கு இனித்த சொல். அன்றைக்கு அதைக் கையில் வாங்கவே பயமாக இருந்தது.

“நான் இல்ல காக்கா” என்றேன். “நான் பிழ மட்டும்தான் திருத்துற. அத எழுதுற றிஸ்மியா டீச்சர்.”

பின்னால் நின்றவர்களில் ஒருவர், “பொம்புளயா?” என்றார். இன்னொருவர் சிரித்தார். “இவ்வளவு நாளும் ஒரு பொம்புளையையா நாம மச்சான் மச்சான் எண்டு…”

நான் கண்ணால் கண்டேன், கிணறு அந்த இடத்திலேயே மறக்கப்பட்டது. தண்ணீர் உப்பானது பிழையாக இருக்கவில்லை. ஒரு பெண் ஆம்பிளைப் பெயரில் ஊருக்குப் புத்தி சொன்னதுதான் பிழை. போத்தலை மறந்து விட்டுவிட்டு அவர்கள் வெளியே போனார்கள். நான் அதைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் ஊற்றினேன். உடம்பில் ஒரு நிம்மதி வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

மாலை அஸர் தொழுகைக்கு முன்பே கதை ஊரெல்லாம் போய்விட்டது. பாடசாலையில் விசாரித்தார்கள். சந்தையில் பெண்கள், “என்னகா, ஒங்கட மச்சான் எப்படி?” என்று டீச்சரிடமே கேட்டார்களாம். மூன்றாம் நாள் அவருடைய மூத்த காக்கா அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “என்ட தங்கச்சிட எழுத்து ஒரு துண்டும் இஞ்ச இரிக்கக் கூடா” என்றார். மேசை லாச்சியிலிருந்த கொப்பித் தாள்களை எல்லாம் கட்டி அவரிடம் கொடுத்தேன். கிணற்றுக் கட்டுரையின் இரண்டு தாள்களும், நான் சிவப்பு மையால் அடித்த வரிகளும் அந்தக் கட்டில்தான் இருந்தன. அவற்றை மட்டும் உருவி ஆதம்பாவாக் காக்காவிடம் காட்டியிருக்கலாம். கட்டை இன்னொரு நூல் சுற்றி இறுக்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் வைத்து எரித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

டீச்சரை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை கண்டேன். பஸ் நிலையத்தில் நின்றார். சம்மாந்துறைப் பக்கம் இடமாற்றம் கேட்டு எடுத்திருந்தார். நான் பக்கத்தில் போய், “டீச்சர், நான்…” என்று தொடங்கினேன்.

“கடைசி வரிய ஏன் காக்கா மாத்தினீங்க?” என்று கேட்டார்.

“சனத்துக்கு ஒரு நம்பிக்க குடுப்பம் எண்டு…”

“எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

“நீங்க ஏன் அவங்களுக்கிட்டச் சொல்லல்ல? நான்தான் மாத்தின எண்டு?”

அவர் என்னைப் பார்க்காமல் வரும் பஸ்ஸைப் பார்த்தபடி சொன்னார்: “சொன்னா? மாத்தினத ஆரு கேக்கப்போறாங்க. நீதானே மச்சான் எண்டுதான் கேப்பாங்க.”

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

பக்கத்தை நிறுத்தவேண்டாம் என்றார் ஹாஜியார். நானே நிரப்பிப் பார்த்தேன். பழைய இந்தியச் சஞ்சிகைகளிலிருந்து வரிக்கு வரி எடுத்துப் போட்டேன். உலகத்திலேயே பெரிய பூ எது, உயரமான கட்டடம் எது என்று. யாரும் கேட்காத கேள்விகள். வாசகர் கடிதங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் பத்திரிகையும் வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கான கிளினிக்கில் ஆதம்பாவாக் காக்காவைச் சந்தித்தேன். மெலிந்திருந்தார். இருவரும் மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பழைய கதைகள் கதைத்தார். திடீரென்று, “அந்தப் புள்ள எழுதினதெல்லாம் சரியாத்தானே இருந்திச்சி” என்றார். “காத்து, மழ, எறும்பு, எல்லாம் நான் பாத்திரிக்கன், ஒண்டும் பிழைக்கல்ல. கிணத்தில மட்டும் எப்படிப் பிழச்சா? நான் கனநாள் யோசிச்சிப் பாத்தன். விளங்கல்ல. உங்களுக்குத் தெரியுமா?”

அந்தப் பக்கத்துக்கு வந்த அத்தனை கேள்விகளிலும் எனக்கு விடை தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

“தெரியா காக்கா” என்றேன்.

“அதுவும் சரிதான், நீங்க பிழ மட்டும்தானே திருத்தின” என்று தலையாட்டினார். அவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனார். அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஹாஜியாரும் மௌத்தாகிவிட்டார். பத்திரிகையின் ஒரு பிரதிகூட என்னிடம் இல்லை, கேட்டுப் பார்த்த எவரிடமும் இல்லை. ஆதம்பாவாக் காக்காவின் கிணற்றைத் தூர்த்து மேலே குளியலறை கட்டியிருக்கிறார்கள். கேள்வியை நான்காக மடித்த தாளில் எழுதி, கீழே தன் பெயரையும் ஒழுங்கையையும் போட்டு, முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டு ஒரு மாதம் பதிலுக்குக் காத்திருந்த அந்த மனிதர்களும் இல்லை.

டீச்சர் இருக்கிறார். ஓய்வு பெற்று, சம்மாந்துறையில்தான். கல்முனையிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம். நான் இன்னும் போகவில்லை.