கார்டு எடுக்காத கிளினிக்

என் அண்ணன் காதலித்தது முதலில் அண்ணியின் குரலைத்தான். உடம்பில் ஏதோ தடிப்பு என்று டோக்கன் கேட்டு கிளினிக்குக்கு போன் செய்தவன், தடிப்பு மறைந்த பிறகும் போன் செய்துகொண்டே இருந்தான். அது தொற்றுநோய் கிளினிக். வரவேற்பு மேஜை அன்றும் இன்றும் அண்ணியுடையது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் இருப்பவரையும் எதிரில் நிற்பவரையும் ஒரே நேரத்தில் சமாளிப்பாள். அரசு காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களிடம், அது இங்கே செல்லாது என்பதைக்கூட மனம் நோகாமல் சொல்லி அனுப்புவாள்.

அண்ணன் டைல்ஸ் ஒட்டுபவன். நாள் முழுக்க முழங்காலில்தான் வேலை. முழங்காலில் டைல்ஸ் சில்லு கிழித்த காயத்தை "கொசுக்கடி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான், மகா வீரன். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் காட்டினோம். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டதாம். பல வாரங்கள் தினமும் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும், தாமதித்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றார்கள். மருந்தின் விலை எங்கள் சக்திக்கு எட்டாதது.

அண்ணி முதலில் தன் முதலாளி டாக்டரிடமே போய் நின்றாள். "கார்டு நம்மகிட்ட செல்லாதுன்னு உனக்கே தெரியுமேம்மா," என்று அவர் ரொம்ப வருத்தப்பட்டாராம்.

பிறகு நானும் அவளும் அலையாத இடமில்லை. ஓரிடத்தில் கார்டு எடுப்பார்கள், தொற்றுநோய் டாக்டர் இல்லை. இன்னோரிடத்தில் டாக்டர் இருக்கிறார், கார்டு என்றதும் முகம் மாறியது. வேறோரிடத்தில் அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான் எடுப்பார்களாம்.

"அப்ப காலை வெட்டினா இலவசம், காப்பாத்தினா காசா?" என்று கத்தினேன். அண்ணி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

கடைசியில் காப்பீட்டு உதவி எண்ணுக்கு அடித்தோம். சமையலறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் குனிந்து நின்றோம். எதிர்முனைப் பெண் தேடிப் பார்த்தாள். "உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு கிளினிக் இருக்கே மேடம். ஆரம்பத்துலேருந்து நம்ம திட்டத்துல இருக்காங்க," என்று போன் நம்பரைச் சொன்னாள். பாதி நம்பரிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அண்ணியின் மேஜை நம்பர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அண்ணி. அந்தப் பெண் மறுபடியும் அதையேதான் சொன்னாள்.

அண்ணி பேயறைந்தவள் மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். புள்ளையைத் தூக்கிட்டு வந்தவங்களைக்கூட..." அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அண்ணி எல்லாவற்றையும் சொன்னபோது டாக்டர் முகம் சுளிக்கக்கூட இல்லை.

"பேருக்குத்தான்மா சேர்ந்து வச்சிருக்கோம். அரசாங்கம் பணத்தை இழுத்தடிக்குது. எல்லாரையும் எடுத்தா கிளினிக்கை மூட வேண்டியதுதான். ஆனா நீ நம்ம வீட்டுப் பொண்ணு. உன் வீட்டுக்காரருக்கு இன்னிக்கே கார்டுலயே ஆரம்பிச்சிடலாம். விஷயம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

இவ்வளவு சாவதானமாக ஒரு மனிதன் இதைச் சொல்ல முடியுமா? வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவர் எங்களுக்கு உபகாரம் செய்துவிட்டுப் போனார்.

அண்ணன் கையில் ஊசி குத்தி மருந்து ஏற ஆரம்பித்தது. அண்ணி மேஜையில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. யாரோ ஒரு அம்மா. மகனுக்குக் காய்ச்சல் விடவே இல்லையாம், கார்டு எடுப்பீர்களா என்று கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. டாக்டர் தன் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். "சொல்லிடுங்க அண்ணி" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே அண்ணனின் மருந்து பாட்டில் பாதிகூட இறங்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இல்லம்மா, இங்க எடுக்கிறதில்ல," என்றாள் அண்ணி.

"அப்ப வேற எங்கம்மா போறது?" என்று கேட்டார் அந்த அம்மா.

எங்களுக்கு வேறு எந்த இடமும் தெரியாது.