கிடங்கு மாமாவுக்கு வந்த குழாய்

செனோவி படைவீரர் அல்ல, கிடங்குக்காரர். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல மூட்டை கண்ணில் பட்டால் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார். கேட்டால், "நம்ம ஊருக்கு ஆகும், இருக்கட்டும்" என்பார். உக்ரைனில் போர் மூண்டு, அதே கிடங்கில் தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் வந்து இறங்கிய பிறகும் அந்தக் கை திருந்தவில்லை.

வெளிநாட்டுப் படைகள் தங்களுக்குப் போக மிச்சமென்று கொடுத்த சரக்கு அது. சில பெட்டிகள் நல்ல நிலையில் இருந்தன. சிலவற்றின் பேட்டரிகள் வயதாகித் தளர்ந்தவை. இரண்டையும் கலந்து போர்முனைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. செனோவி கலக்கவில்லை. நல்லவற்றையெல்லாம் ஊர் மின்நிலையத்தைக் காக்கும் குழுவுக்கென்று ஒதுக்கிவிட்டார். மின்நிலையத்துக்கு எதிர்வீட்டில்தான் மகள் சோலோமியா பிள்ளைகளோடு இருந்தாள். பெற்ற மனம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வண்டியோட்டிக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் ஒருமுறை அவரே சரக்கோடு போகவேண்டி வந்தது. மரங்களுக்கிடையே தோண்டிய பதுங்குகுழியில், ஏவுகணை சுடும் நெஸ்தோர் அவருக்குத் தேநீரும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பு வைத்த ரொட்டியும் கொடுத்தான்.

"கிடங்கு மாமா நீங்கதானா? உங்க பெட்டிய நாங்க திட்டாத நாளே இல்ல. எல்லாம் கிழடுங்க. தூக்கத்துலேர்ந்து எழுப்புறதுக்குள்ள எங்களுக்கு நரைச்சிரும் போல."

மற்றவர்கள் சிரித்தார்கள். செனோவியும் சிரித்து வைத்தார்.

"சுடலையா?"

"மொத ரெண்டு ஏவுகணையும் கண்ணையே தொறக்கல மாமா. மூணாவத எடுத்து மாட்டுறதுக்குள்ள ஹெலிகாப்டர்காரன் ராக்கெட்ட கொட்டிட்டுப் போயிட்டான்." நெஸ்தோர் குரலைத் தாழ்த்தினான். "எங்க கூட இருந்த யாரெமாதான் தோள்ல வச்சிருந்தான். அவன் உடம்புல பாதிக்குமேல எங்களுக்குக் கெடைக்கல."

செனோவி கடித்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, கிடங்குல வந்து..."

"அட விடுங்க மாமா. உங்ககிட்ட இருந்தத அனுப்புனீங்க. ஒளிச்சா வச்சீங்க?"

செனோவி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏவுகணை சுட்டு முடித்த வெற்றுக் குழாயில் படம் வரைந்து, உதவி செய்தவர்களுக்குக் கொடுப்பது போர்முனையில் வழக்கம். கிளம்பும்போது நெஸ்தோர் ஒரு குழாயைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். நீளம் முழுக்கச் செர்ரிப் பழங்கள், கொத்துக் கொத்தாக.

"யாரெமா வரைஞ்சது. ஒழுங்கா சுட்ட ஒண்ணோட குழாய். உங்களுக்குத்தான்னு சொல்லிச் சொல்லி வரைஞ்சான்."

பழங்களுக்கு அடியில் எழுதியிருந்தது: 'கையில் இருந்ததையெல்லாம் கொடுத்த கிடங்கு மாமாவுக்கு.'

ஊர் திரும்பியதும் செனோவி வீட்டுக்குப் போகவில்லை. பின்வரிசையில் ஒதுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தானே சுமந்து போர்முனைக்குப் போகும் வண்டியில் ஏற்றினார். உதவிக்கு வந்தவர்களைக் கிட்டே விடவில்லை.

மறுநாள் சோலோமியா அந்தக் குழாயைப் பார்த்தாள். அழகில் மயங்கி, ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள்.

"சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்கட்டுமாப்பா?"

"வேணாம்."

"ஏம்பா? உங்களுக்குன்னுதான எழுதியிருக்கு."

"வரைஞ்ச பையன் செத்துட்டான்மா. அவனுக்கு நான் அனுப்புனது பழசு." செனோவியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நல்லதையெல்லாம் ஒனக்காக வச்சிருந்தேன்."

சோலோமியாவின் கை நின்றது. குழாயை மெல்லக் கீழே வைத்துவிட்டு, துணியைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.