காங்கேசன்துறையில் இறங்காத அன்ரி

கப்பல் கரையில நிக்கிற நாள் எண்டால் பயணிகளுக்கு ஓய்வு, நீச்சல் குளத்தடியில துவாய் குடுக்கிற எங்களுக்கு நிண்டு நிண்டு கால் வலி. இந்த வேலை பார்த்தவைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சென்னை ஐயா

துறைமுகம் வந்தால் கப்பலே வெறிச்சோடிப் போகும். ஆனால் சென்னை ஐயா ஒருத்தர் அடிக்கடி வருவார், ஒரு ஊரிலயும் இறங்கமாட்டார். குளத்தடியில சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் வடையுமாய் இருப்பார். ஊர் பாக்கேல்லையோ எண்டு ஒருநாள் கேட்டிட்டன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவங்க எல்லாரும் இறங்கணும்னுதான் தம்பி நான் ஏறினேன்."

ஒரு ஆளுக்கு ஒரு காவல்

பிறகொருக்கா கப்பல் காங்கேசன்துறைக்கே வந்துது. என்ரை வீடு தெல்லிப்பழையில, ஓட்டோவில ஏறினால் கொஞ்சத் தூரம். அம்மாவைக் கண்டு ரெண்டு வருசம். மேல்தட்டில நிண்டு கீரிமலைப் பக்கத்துப் பனையளையே பார்த்துக்கொண்டு நிண்டன். அம்மா விடியவே மீன் வாங்கி வைச்சிட்டு அடிக்கொருக்கா போன் எடுத்துக்கொண்டிருந்தா.

என்ரை மேலாளர் தூத்துக்குடிக்காரர், நல்ல மனுசன். ஆனால் குளத்தடியில ஆள் இருந்தால் எங்களை விடமாட்டார். அண்டைக்கெண்டு லண்டனில இருந்து வந்த அன்ரி ஒராள் கதிரையை விட்டு அசையேல்லை. மேலாளர் கையை விரிச்சிட்டார்: "அந்த அம்மா எந்திரிச்சா நீ போகலாம் தம்பி, இல்லாட்டி நில்லு."

ஆற்றை வீட்டை?

அவவைக் கிளப்ப நான் பட்ட பாடு! கீரிமலை, நல்லூர், ஐஸ்கிறீம் எண்டு எல்லாம் ஆசை காட்டினன். அவ கரையையே பார்த்துக்கொண்டிருந்தா. கடைசியில பொறுக்கேலாமல், அம்மா சமைச்சு வைச்சுக்கொண்டு காத்திருக்கிறதைச் சொல்லிப்போட்டன்.

அவவின்ரை முகம் மாறிப்போச்சு. தன்ரை ஊர் கரவெட்டி எண்டா. இனசனம் முழுக்க வெளிநாட்டில, வீடும் வித்தாச்சாம். "ஊருக்குள்ள இறங்கினால் ஆற்றை வீட்டை, ஆர் வீட்டுக்கு வந்தனீங்கள் எண்டு கேப்பினம். நான் என்னத்தைச் சொல்ல, தம்பி?"

அம்மா சொன்னது

அந்த நேரம் பார்த்து அம்மா திரும்பவும் எடுத்தா. எரிச்சலில முழுக்கதையையும் கொட்டினன். எனக்காகக் கவலைப்படுவா எண்டு பார்த்தால், அம்மாவுக்கு அன்ரியின்ரை கவலைதான் பெரிசாப் போச்சு. போனை அவவின்ரை காதில வைக்கச் சொன்னா. வைச்சன். அன்ரி கேட்டுக்கொண்டிருந்தா, கண் நிறைஞ்சுது, பிறகு செருப்பைத் தேடினா. அம்மா சொன்னது எனக்கும் கேட்டுது: "எங்கடை வீட்டை எண்டு சொல்லுங்கோ, பிள்ளை."

கப்பல் வேலையில எனக்குக் கிடைச்ச ஒரேயொரு ஓய்வு நாள் அதுதான், ஆனால் அம்மா எனக்கெண்டு வைச்சிருந்த மீன்தலை அன்ரிக்குப் போச்சுது.