சங்கமித்ராவின் இல்லாத காதலன்

சங்கமித்ரா எனக்கு மகள் முறை. என் பெரியம்மா மகன் ஜெயவேலு தங்கச் சுரங்கத்தில் இருந்தவன்; சுரங்கம் மூடியதும் ஜோகுபாளையத்துக்குக் குடிவந்தான். அவனுடைய இரண்டாவது பெண் இவள். இப்போது அங்கேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

பத்தொன்பது வயதில் மனம் தாங்காமல் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் காரணத்துக்கு மூன்று கட்டம்தான்: காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி, குடும்பத் தகராறு. பரீட்சையில் பாஸ். குடும்பம் என்று போட்டால், அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். காதலில் டிக் போட்டுவிட்டாள்.

ஜெயவேலு மூன்று மாதம் அந்தக் காதலனைத் தேடினான். எதிர்வீட்டு பீட்டர் சைக்கிள் மணி அடித்தாலே வாசலில் வந்து முறைப்பான். பயந்துபோன பீட்டர் விவேக் நகர் அத்தை வீட்டுக்கே போய்விட்டான். இவளிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்தில் இன்னும் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டாள்.

போன வருஷம் அதே ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டது. இப்படிக் காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக் குழுவில் அனுபவப்பட்டவர்களும் உட்கார வேண்டுமாம். டாக்டர் ஹெர்பர்ட் புதுப் படிவத்தைக் காட்டினார். மறுநாள் அச்சுக்குப் போகிறது. முதல் கேள்வியில் அதே மூன்று கட்டம்.

"இது வேணாம் சார்," என்றாள்.

"இருபது வருஷமா இருக்கிற கேள்விம்மா. எவ்ளோ டேட்டா வந்திருக்கு தெரியுமா?"

"அதுல ஒண்ணு நான் போட்ட பொய் சார். உங்க ரிஜிஸ்டர்ல நான் இன்னும் காதல் தோல்விதான்."

பீட்டர் கதையைச் சொன்னாள். நர்ஸ் சோஃபியா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போனாள். ஹெர்பர்ட் சிரிக்கவில்லை.

"உன்ன மாதிரி எத்தனை பேரும்மா?"

"கட்டத்துல அடங்காதவங்க எல்லாரும்."

"சரி, அதுக்குப் பதிலா இன்னா போடறது?"

"சொல்ல இஷ்டமான்னு மொதல்ல கேளுங்க. அப்பாவ வெளிய உக்கார வைங்க. அப்புறம் அரைப்பக்கம் சும்மா விடுங்க."

"காலியாவே கொடுத்துட்டாங்கன்னா?"

"கொடுக்கட்டுமே சார். பொய்யாவது இருக்காதே."

ஹெர்பர்ட் பேனாவை எடுத்து மூன்று கட்டத்தையும் தானே குறுக்கே கோடு போட்டு அடித்தார்.

முதல் வாரம் நாலு பேர் காலியாகவே கொடுத்தார்கள். ஐந்தாவதாக வந்த பெண் அரைப்பக்கத்தையும் நிரப்பிவிட்டு, சோஃபியாவிடம் இன்னொரு தாள் கேட்டாளாம்.