கலைமகள் மலைத்த நாள்

எங்கள் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் கலைமகளக்காவின் ராஜ்யம். அங்கே போய் "மலைப்பா இருக்குதுங்க" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றைக்கு முழுக்கப் பாட்டு வாங்க வேண்டியதுதான்.

மலைப்பு பயமும் இல்லை, அலுப்பும் இல்லை. வேலையெல்லாம் கண் முன்னே குவிந்து கிடக்க, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கை ஓடாமல் நிற்போமே, அது. கல்யாணமான புதிதில், கூட்டுக்குடும்பத்துப் பாத்திரக் குவியல் முன்னால் அக்காவும் அப்படி நின்றவர்தான். பிறகு குவியலைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, ஒவ்வொன்றாக உருவித் தேய்த்தாராம். மாமியார் சிரித்தார். பாத்திரம் தீர்ந்தது.

போன தீபாவளி சமயம், விளாத்திகுளத்திலிருந்து புதிதாக வந்திருந்த அன்புசெல்வியின் மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த துண்டு அத்தனையும் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். நுனியைக் காணோம். பயந்துபோய்ப் பக்கத்து டெய்லரிடம் ஊசி வாங்கி மாட்டித் தைத்துவிட்டாள். மதியம் சோறு இறங்காமல் அக்காவிடம் வந்து அழுதாள். தைத்ததெல்லாம் கைக்குழந்தைச் சட்டை; நுனி அதில் ஏதோ ஒன்றில் சிக்கியிருக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் தைத்த மொத்த லாட்டோடும் கலந்துவிட்டது. இரும்பைக் கண்டுபிடிக்கும் மெஷினோ சர்வீஸுக்குப் போயிருந்தது.

"லாட்டை ஒதுக்கிப் போடுங்க. அந்தப் புள்ளைய ஊருக்கு அனுப்பீருங்க" என்றார் முதலாளி கிட்டுசாமி.

"இல்லீங்கண்ணா. மறைச்சிருந்தா அனுப்பலாமுங்க, அவளே வந்து சொல்லியிருக்கறா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துக் குடுக்கறனுங்க. கெடைக்காட்டி நானும் அவளோடயே போறனுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்கா குவியலைத் தார்ப்பாயால் மூடினார். ஆளுக்கு ஒரு கூடை. தையல் தையலாக விரலால் அமுக்கிப் பார்த்து, பார்த்ததை முதுகுக்குப் பின்னால் போட்டோம்.

அன்புசெல்வி தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "எம்புட்டுக் கெடக்குக்கா!"

"மடியில எத்தனை கெடக்குது?"

"ஒண்ணு."

"அதைப் பாரு கண்ணு."

வெயில் இறங்கும் நேரத்தில் "ஆத்தீ!" என்று கத்தினாள் அன்புசெல்வி. கழுத்துப் பட்டி மடிப்பில் எள்ளளவு இரும்பு. கிட்டுசாமி அதை மீதி ஊசியோடு வைத்துப் பார்த்தார். பொருந்தியது. "செரி, ரெண்டு பேரும் காலையில நேரத்துல வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தார். நாங்கள் பார்த்துப் போட்ட சட்டைகள் ஜன்னலை மறைத்துக் கிடந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

"இத்தனையுமா நாம பாத்தோம்? மலைப்பா இருக்குது கண்ணு."

அன்புசெல்வி விடவில்லை. "அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதும்பீகளேக்கா?"

"வேலை கெடக்கறப்பத்தான் சொல்லப்படாது. முடிச்சதுக்கப்பறம் எத்தனை வேணும்னாலும் மலைச்சுக்கலாம்" என்றார் அக்கா, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே.