நெட்டுக்குப்பத்துக்குப் போன பட்டணம் படி

மில் முதலாளிக்குச் சங்கம் இருந்தது, தொழிலாளிக்கு இருந்தது, வியாபாரிக்கும் இருந்தது. காசு கொடுத்து வாங்கித் தின்கிறவனுக்குத்தான் ஒன்றுமில்லை. அவனுக்காக ஆராய்ந்து சர்க்காரிடம் எடுத்துச் சொல்வதென்று வெவ்வேறு ஊர்க் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் ஒன்று சேர்ந்தோம். ஐம்பதுகளின் தொடக்கம் அது. ரேஷன் தளர்ந்துகொண்டிருந்தது. நான் இராயபுரத்தில் குடியிருந்து பட்டணத்துக் கல்லூரியொன்றில் பொருளாதாரம் கற்பித்து வந்தேன். ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு படி அரிசி என்ன விலை என்று மாதாமாதம் கார்டு போட வேண்டும். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், அவற்றையெல்லாம் தொகுத்து அட்டவணை போடும் வேலை என்னைக் கேட்காமலே என் தலையில் விழுந்தது.

எண்ணூர்ப் பக்கத்து விலையை எனக்குச் சொன்னவள், நெட்டுக்குப்பத்திலிருந்து ரயிலேறி வந்து எங்கள் தெருவில் மீன் விற்றவள். ஒருநாள் கூடையை இறக்கியதும் இறக்காததுமாக ஆரம்பித்தாள்.

"எங்க ரேஷன் கடைய மூடப் போறாங்களாம், டீச்சரம்மா. அப்பால குப்பத்துல கீறது ஒரே கடை. அவன் வச்சதுதான் சட்டம். புள்ளைங்கள வச்சிகினு நான் இன்னா பண்றது? நீ படிச்சவ, மேல சொல்லேன்."

சொல்ல வழியும் இருந்தது. எந்த ஊருக்கு ரேஷன் கடை தேவை என்று எங்கள் கருத்தை உணவு இலாகா கேட்டிருந்தது. முதல்முறையாக எங்களையும் ஒரு பொருட்டாக மதித்திருந்தார்கள்.

அட்டவணையைப் போட்டு முடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லா ஊரையும்விட நெட்டுக்குப்பத்துத் தனியார் கடையில்தான் அரிசி மலிவு! நெல் விளையும் ஊரைவிட, உப்புக்காற்றடிக்கும் குப்பத்தில் மலிவாம். இதை அனுப்பினால் ரேஷன் கடையை நாங்களே மூடிவைத்த மாதிரி.

எங்கள் செயலாளர் தெற்கத்திப் பேராசிரியர். அவருக்கு இதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. "படி என்றால் படிதானே, அம்மா? கெடு நெருங்குகிறது, அனுப்பிவிடுங்கள்" என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படி என்றால் எந்த ஊர்ப் படி? இத்தனை பட்டம் வாங்கியவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! அவரவர் ஊர்ப் படியைப் பார்சலில் அனுப்பினாலொழிய அட்டவணை நகராது என்று பதில் போட்டேன்.

படிகள் வந்தன. இரும்பு, பித்தளை, ஒன்று மூங்கில். ஸ்டேஷன் பார்சல் குமாஸ்தா சிரித்தார். "இன்னாமா, அரிசிக் கடை போடப் போறியா?"

கூடத்தில் பாய் விரித்து, முத்திரை குத்திய பட்டணம் படியை நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக அரிசி கொட்டி அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஓர் ஊர்ப் படி மற்றொன்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கடைசியாக, நெட்டுக்குப்பத்துக் கடையில் மீன்காரி வாங்கிவந்த ஒரு படி அரிசியைப் பட்டணம் படியில் கொட்டினேன். விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவள், "அடப்பாவி!" என்றாள். கணக்கைத் திருத்தியதும் நெட்டுக்குப்பம் மலிவான ஊரிலிருந்து விலையேறிய ஊர்களில் ஒன்றாக மாறியது.

பட்டணம் வந்த செயலாளரும் நானும் திருத்திய அட்டவணையோடு படிகளையெல்லாம் சாக்கில் கட்டி இலாகாவுக்கே எடுத்துப்போய் மேசைமேல் அடுக்கினோம். அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட கல்லூரிக் கூட்டமைப்பு மாகாணத்துக்கே அவசியம் என்றார், ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னார். செயலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. நெட்டுக்குப்பத்து ரேஷன் கடையை அடுத்த மாதமே மூடிவிட்டார்கள்.

மீன்காரி வந்தாள்.

"நீ எய்திக் குடுத்ததுக்கு இன்னா சொன்னாங்கோ?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்க."

"அத்த ஒலைல போட்டா வேவுமா?"

எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. கோபம் அவள்மேல் இல்லை. இலாகாவிலிருந்து திரும்பிய படிகள் கிடந்த கூடத்துக்குள் அவள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த முத்திர போட்ட படியையாவது குடு. எத்துகினு போயி அவன் மூஞ்சிக்கு நேரா அளக்கச் சொல்றேன்."

கொடுத்தேன். அப்புறம் அந்தப் படி வீடு திரும்பவில்லை. அரிசி வாங்கப் போகும் பெண்கள் அதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றிக்கொண்டார்கள். கடைக்காரன் முதலில் கத்தினானாம். குப்பமே அதே படியோடு வந்து நின்றதும், வாயை மூடிக்கொண்டு அளந்தானாம்.

மறு ஆண்டு இலாகா எங்களுக்கு நிதி ஒதுக்கியது. புதிய ஆய்வுக்காக, முன்பு காட்டிய படிகள் அத்தனையையும் அனுப்பும்படி கேட்டது. மீன்காரியிடம் போய் நின்றேன்.

"அது எப்டிமா தர முடியும்? இன்னிக்கு குடுத்தா, நாளைக்கே அவன் பழைய படிய எடுப்பான். ஆராய்ச்சிக்கு நீ வேற வாங்கிக்கோ."

செயலாளரைக் கேட்காமலே இலாகாவுக்குப் பதில் எழுதினேன்: பட்டணம் படி உபயோகத்தில் இருப்பதால் அனுப்ப இயலாது.